அப்படி ஒருவர் இல்லை

காலையிலிருந்து அந்த மருத்துவமனையில் யாருக்கு மெயில் அனுப்பினாலும் 'அப்படி ஒருவர் இல்லை' என்று திரும்பி வந்தது. ஊழியர்களின் பெயர்களை வைத்திருக்கும் சர்வரோடு மெயில் சர்வரால் பேச முடியவில்லை. பாதுகாப்புக்காகப் புதிதாகப் போட்ட ஃபயர்வால் வழியை மறித்திருந்ததை, கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கும் ஜெபக்கனி கண்டுபிடித்தாள்.

டாக்டர் சங்கரபாண்டியன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். நாளை அவர் செய்யப்போகும் ஆபரேஷனுக்கு ஒரு ரிப்போர்ட் வர வேண்டியிருந்தது.

"நான் இங்கதானம்மா நிக்கேன், என்னையப் போயி இல்லங்குதே" என்று சிரித்தார்.

அவள் வழியைத் திறந்துவிட்டாள். எல்லோருக்கும் மெயில் போனது. அவருக்கு அனுப்பியது மட்டும் திரும்பி வந்தது. தேடிப் பார்த்தாள். நிர்வாகத்தில் இன்று காலைதான் ஊழியர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கியிருந்தார்கள். அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"சரியாயிட்டாம்மா?"

ஜெபக்கனி திரையை அணைத்துவிட்டு எழுந்தாள்.

"மொதல்ல உக்காருங்க சார்" என்றாள்.