தலை தேய்ந்த மூன்று ஸ்க்ரூ

பூட்டின் குமிழ் வல்லரசுவின் கையோடு வந்துவிட்டது. கொஞ்சம் பலமாகத்தான் திருகினான், அதற்காக இப்படியா?

புதுச் சட்டை மாற்றுவதற்காக வாசல் கதவைச் சாத்தியிருந்தான். கீழே சிநேகிதன் கமாலுதீனின் ஆட்டோ ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. பெட்டி ஆட்டோவில், பாஸ்போர்ட் சட்டைப் பையில், சாயங்காலம் மஸ்கட் விமானம். ஆள் மட்டும் எர்ணாவூர் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், கதவுக்கு உள்ளே.

கதவை ஒட்டிய ஜன்னலில் மனைவி சங்கமித்ராவின் முகம் தெரிந்தது. வெளியிலிருந்து சாவி போட்டுப் பார்த்தாள். சாவி சும்மா சுற்றியது.

"பூட்டையே கழட்டணும்மே. கமாலு ஆட்டோல டூல்ஸ் பை கீது, வாங்கினு வா."

போன மாதம் அந்தப் பூட்டை மாட்டியது வல்லரசுதான். ஆசாரி எதற்கு, நான் இல்லையா என்று காய் நறுக்கும் கத்தி முனையாலேயே ஸ்க்ரூக்களை முடுக்கி, மூன்றின் தலையையும் மொழுமொழுவென்று தேய்த்து வைத்திருந்தான். நாற்பதடி கன்டெய்னர் லாரியைச் சந்துக்குள் ரிவர்ஸ் எடுப்பவன். ஒரு ஸ்க்ரூவோடு மட்டும் அவனுக்கு ஒத்துப்போகாது.

ஜன்னல் கம்பி வழியாக ஸ்க்ரூ டிரைவர் வந்தது. வைத்துத் திருகினால் வழுக்கியது. கரண்டும் இல்லை. துறைமுக வாசலில் லாரியோடு நாள்கணக்கில் வரிசையில் கிடந்து பழகியவனுக்கே மூச்சு முட்டியது. புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"பேர் மட்டும் வல்லரசு!" என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"ரப்பர் பேண்ட நடுவுல வெச்சு அமுக்கித் திருகு மாமா. புடிச்சுக்கும்." தலைமுடியில் இருந்ததை உருவிக் கொடுத்தாள். முதல் ஸ்க்ரூ முனகிக்கொண்டே வெளியே வந்தது.

"இன்னாமே, இவ்ளோ சுறுசுறுப்பா அனுப்பி வெக்கிற? நான் போறதுல அவ்ளோ சந்தோசமா?"

"ஃபிளைட்டுக்கு நேரமாவுதுல்ல?"

இதுதான் அவனுக்குப் பேஜார். மஸ்கட் வேலை இரண்டு வருஷ ஒப்பந்தம் என்று தெரிந்த நாளிலிருந்து கேட்டுப் பார்த்துவிட்டான், போகட்டுமா என்று. 'உன் இஷ்டம்' என்பாள். அழுதால் தேற்றலாம், சண்டை போட்டால் அதையே சாக்காக வைத்து நின்றுவிடலாம். அவளோ ஊறுகாய் பாட்டிலைச் சிந்தாமல் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள்.

இரண்டாவது ஸ்க்ரூவுக்கு ரப்பர் கிழிந்துபோனது. ஸ்க்ரூ இளகட்டும் என்று சுத்தியலை வாங்கிப் பூட்டின் மேல் நாலு போடு போட்டான். உள்ளே ஏதோ 'டக்' என்றது. கதவை லேசாக இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. சரி, ஸ்பிரிங்கும் போச்சு.

"ஆக்ஸா பிளேடு குடு மித்ரா. தலையில கோடு கிழிச்சுப் பாக்குறேன்."

பிளேடு வந்தது. இடது கையில்.

"ஊருக்குப் போற நேரத்துல பீச்சாங்கையில குடுக்குற?"

சண்டைக்காரிக்குக்கூட அவள் எதையும் இடது கையால் கொடுத்ததில்லை.

"சோத்துக்கை கலீஜா கீது மாமா. ஆட்டோ கிரீஸு."

பிளேடால் அறுத்து அறுத்து ஸ்க்ரூ தலையில் ஒரு பள்ளம் உண்டாக்கினான். அதில் டிரைவரைக் கொடுத்துத் திருப்பியதும் இரண்டாவதும் வழிக்கு வந்தது.

படியில் செருப்புச் சத்தம். "இன்னா மாமு, இன்னுமா நீ..." என்று ஏறி வந்த கமாலுதீனின் குரல் கதவருகே வந்ததும் நின்றுபோனது. கொஞ்ச நேரம் கழித்து, "பொறுமையா கழட்டு மாமு. ஒண்ணும் அவசரமில்ல," என்றான். இறங்கிப் போய்விட்டான். அதற்குப் பிறகு ஹார்னே அடிக்கவில்லை.

'தோஸ்துன்னா இவன்தான்' என்று வல்லரசு நெகிழ்ந்துபோனான்.

மூன்றாவதற்குக் கட்டிங் பிளேயர். அதுவும் பீச்சாங்கையில்தான் வந்தது. ஸ்க்ரூ தலையைப் பக்கவாட்டில் கவ்விப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினான். பூட்டு மொத்தமாகக் கழன்று அவன் கால் கட்டைவிரல் மேல் விழுந்தது.

நொண்டிக்கொண்டே கதவை இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். விரலளவு வந்தது, திரும்பவும் சாத்திக்கொண்டது.

ஜன்னலைப் பார்த்தான். அவள் முகத்தைக் காணவில்லை.

கதவில் இப்போது பூட்டும் இல்லை, ஸ்க்ரூவும் இல்லை.

"மித்ரா, மெய்யா சொல்லு. அந்தாண்ட கதவ இன்னாதான் புடிச்சினு கீது?"

வளையல்கள் கதவில் உரசின. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நான்தான் மாமா."