எல்லோருக்கும் பல்வலி

ஆரிஃபின் பற்களில் ஒரு குறையும் இல்லை. இருந்தும், தில்லைநகர் கிளினிக்கின் மாடிப்படியில் வைத்து நசீரா தன் மகனின் கன்னத்துக்குள் ஒரு பஞ்சுருண்டையைத் திணித்தாள்.

“யாரு கேட்டாலும் கன்னத்தத் தொட்டுக் காட்டு. வாயத் தொறக்காத.”

வாய் திறக்காமல் இருப்பதை அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் ஓயாது பேசும் பிள்ளை, பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் ஒரு வருடமாக ஒரு சொல் பேசுவதில்லை. வந்ததே அதற்காகத்தான்.

குழந்தைகள் மனநல மருத்துவர் பீமராவ் ஓர் ஆய்வு நடத்தியவர். பெற்றோரைத் தம்மிடம் வரவிடாமல் தடுப்பது தொலைவன்று, செலவன்று, தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிடுவாரோ என்னும் அச்சமே என்று கண்டதும், தம் கிளினிக்கை ஒரு பல் மருத்துவரின் மாடிக்கே மாற்றிவிட்டார். காத்திருக்கும் கூடம் ஒன்று, கதவுகள் இரண்டு. அன்றுமுதல் அந்தக் கூடத்தில் பல்வலி இல்லாதவர் எவரும் இல்லை.

உள்ளே நுழைந்த நசீரா வாசலிலேயே நின்றுவிட்டாள். கணவனின் அக்காள் மஹ்ஜபீன் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய எட்டு வயது மகள் ரிஃபானா.

“நம்ம குடும்பத்துல யாருக்கும் மண்டைக் கோளாறு கெடையாது” என்று சொல்லி ஆரிஃபின் சிகிச்சையை ஏற்கெனவே தடுத்தவள் மஹ்ஜபீன். அவள் இன்றும் மறுத்தால் கணவன் தலையாட்டிவிடுவான்; பிள்ளை ஊமையாகவே அடுத்த வகுப்புக்குப் போவான்.

“என்ன நசீரா, இங்க?”

“ஆரிஃபுக்குப் பல்லு வலிக்குதாம். உங்களுக்கு?”

“பல்லுதான். உசிரு போவுது.”

“ரிஃபானாவ எதுக்கு கூட்டிட்டு வந்தீங்க?”

“வீட்ல விட்டா அழுவுறா. இப்பல்லாம் நான் குளிக்கப் போனாக்கூட கதவுக்கு வெளியவே நிக்கிறா.”

நசீராவுக்குப் புரிந்துவிட்டது. அக்காளின் நடிப்பை மெச்சவும் செய்தாள். கண்ணில் நீர்கூட வரவழைத்திருந்தாள்.

நெருங்கி உட்கார்ந்து கிசுகிசுத்தாள். “அக்கா, நமக்குள்ள என்ன நடிப்பு. ரெண்டு பேரும் பீமராவ் டாக்டரத்தான பாக்க வந்திருக்கோம். புள்ளைக்கு ஜுரம் வந்தா காட்டுறோம், பயம் வந்தா காட்டக்கூடாதா?”

மஹ்ஜபீன் வாய் பிளந்தாள். பிளந்த வாய்க்குள் கடைவாய்ப் பல் கருத்து, ஈறு சுண்டைக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

பல் மருத்துவரின் கதவைத் திறந்து நர்ஸ் அழைத்தாள். “மஹ்ஜபீன், பல்லு எடுக்க வாங்க. பாப்பா இங்கயே உக்காரட்டும்.”

ஆரிஃபின் சிகிச்சை அத்துடன் முடிந்தது என்று நசீரா கண்ணை மூடிக்கொண்டாள். ரிஃபானா பாய்ந்து தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

மஹ்ஜபீன் மகளைப் பார்த்தாள். பிறகு அடுத்த கதவருகே பீமராவுக்கு டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் திரும்பினாள்.

“பல்லு நாளைக்கும் வலிக்கும். இவளுக்கு ஒரு டோக்கன் போடுங்க.”