பாதி மீசை

"அந்தக் குட்டைப் பையன் டூலனை உங்க கிளப் எடுத்துச்சுன்னா, என் மீசையில பாதியை எடுத்துடறேன்!"

பக்கத்து வீட்டு நெவில் கையை ஆட்டி ஆட்டிப் பேசியதில் டீ சிந்தி மேஜை விரிப்பெல்லாம் நனைந்தது.

கோரலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரிப்புக்காக அல்ல. எதிரே அவள் கணவர் லிண்ட்சே முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து ஆறு வாரம். கை, கால் தேறிவிட்டது. கேட்பதெல்லாம் புரிகிறது. பேச்சு மட்டும் திரும்பவில்லை.

ஆஸ்திரேலியாவின் அந்தப் பல்லாரட் ஊரில் லிண்ட்சேயின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. அதுவும் நவம்பரில் டிராஃப்ட் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஃபுட்பால் கிளப்புகளெல்லாம் முறை வைத்து, பதினெட்டு வயசுப் பையன்களைப் பொறுக்கி எடுக்கிற நாள் அது. தன் அபிமான கிளப் யாரை எடுக்கணும் என்று ரேடியோவுக்குப் போன் போட்டுக் கத்துவார். ரொட்டிக் கடையில் வரிசையை மறித்துக்கொண்டு கத்துவார். அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு இப்போது உப்பு கேட்கக்கூட வாய் வரவில்லை.

கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. "உப்பா? தண்ணியா? ஜன்னலைச் சாத்தணுமா?" என்று அவர் உதடு அசையும் முன்னே கோரல் சொல்லிவிடுவாள். அவர் தலையை ஆட்டினால் போதும். "அவரே சொல்லட்டும், கொஞ்சம் பொறுங்க" என்று பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் சொல்லிப் பார்த்தாள். கட்டினவளுக்கு மனசு கேட்குமா?

இந்த நெவில் இரண்டு மாசம் முன்னால்தான் வாங்கரட்டா ஊரிலிருந்து குடிவந்தார். தினமும் சாயங்காலம் லாமிங்டன் கேக்கும் கையுமாக வந்து நிற்பார். உட்கார்ந்ததும் டூலனைக் கரித்துக்கொட்ட ஆரம்பித்துவிடுவார்.

"பெம்பர்டன்னு ஒருத்தன் இருக்கான், லைட்டுக் கம்பம் உசரம். அவனை விட்டுட்டு இந்தச் சுண்டெலி எதுக்குய்யா? மழை பேஞ்சா மைதானத்துல தேங்கின தண்ணிலயே முழுகிடுவான். காலைல போர்வையை உருவினாத்தான் எழுந்திரிப்பானாம். இவனெல்லாம் ஒரு ஆட்டக்காரனா?"

லிண்ட்சே நாற்காலிப் பிடியில் ஓங்கித் தட்டினார். "டூ... டூ..."

"டூலன் நல்லா ஆடுவான்னு சொல்றார்" என்றாள் கோரல்.

"உங்களை யாரும்மா கேட்டா? லிண்ட்சே, நீங்க சொல்லுங்க. என்ன, ஒண்ணும் இல்லையா? சரக்கு இருந்தாத்தானே வெளிய வரும்!"

லிண்ட்சேயின் கழுத்து நரம்பு புடைத்தது.

"க... கழுதை! டூலன்... வேகம்!"

நெவில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் கோரல் வெடித்தாள்.

"வாய் பேச முடியாத மனுஷனைச் சீண்டிப் பார்க்கிறதுல என்ன சந்தோஷம் உங்களுக்கு? இனிமே இந்தப் படி ஏறாதீங்க!"

நெவில் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்போதும் அந்தச் சிரிப்பு மட்டும் போகவில்லை.

அதன்பிறகு வீடு நிம்மதியாக இருந்தது. லிண்ட்சே ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவையே பார்த்தார். வாயைத் திறக்கவே இல்லை. கோரல் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினார்.

டிராஃப்டுக்கு முந்தின நாள்தான் அவளுக்கு உறைத்தது. ஆறு வாரத்தில் அவர் வாயிலிருந்து முதல்முதலாக வந்த வார்த்தை, அந்தக் 'கழுதை'. வெட்கத்தை விட்டு ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். வீடு பூட்டியிருந்தது.

மறுநாள் இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். ஒன்பதாவதாக லிண்ட்சேயின் கிளப்புக்கு முறை வந்தது. மேடையில் இருந்தவர் பெயரை வாசித்தார்.

"டூலன்!"

லிண்ட்சே எழுந்தே நின்றுவிட்டார். "நெ... நெ..." என்று போனைக் காட்டினார்.

'நெவிலுக்கா?' என்று கேட்க வந்த கோரல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பொறுத்திருந்தாள். பொறுப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நெவில்... கூப்பிடு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நம்பரைப் போட்டு அவரிடம் கொடுத்தாள். மறுமுனையில் கல்யாண வீடு மாதிரி சத்தம்.

"யோவ்... கழுதை! டூலன்... எங்க... பையன். நான்... அப்பவே... சொன்னேனில்ல? மீசையை... எடு!"

"நீங்கதான் சொன்னீங்க லிண்ட்சே. இன்னொரு தரம் சொல்லுங்க. நல்லாச் சத்தமாச் சொல்லுங்க!" என்றார் நெவில்.

டிவியில் இப்போது வாங்கரட்டாவில் டூலனின் வீட்டைக் காட்டினார்கள். பையன் யாரையோ இறுகக் கட்டிக்கொண்டிருந்தான்.

"தினமும் காலைல என் போர்வையை உருவி எழுப்பிவிட்டு, மைதானத்துக்குத் துரத்தினது இவர்தான். என் தாத்தா!"

பேரனின் கைகளுக்குள், போனைக் காதில் வைத்தபடி, முழு மீசையும் நனைய அழுதுகொண்டிருந்தார் நெவில்.