கல்லில் வரைந்த சேலை

கொட்டாஞ்சேனை அச்சகத்து மேசையில் மாலை வெயில் நீட்டிப் படுத்திருக்கிறது. வெளியே றிக்ஷா மணி. சித்திரக்காரர் சிற்சபேசன் விரல் மையைத் துடைத்துக்கொண்டே நிற்கிறார்; மை எப்போதோ போய்விட்டது. கல்லில் வரைந்து தாளில் ஒற்றும் கல்லச்சில் எதையும் இடம்வலம் மாற்றித்தான் வரைய வேண்டும். பிள்ளைகள் கத்தரித்து விளையாடும் தாளில், ஒரு கையை உயர்த்திய பொம்மையைச் சரியாக மாற்றி வரைந்தவர், அவசரத்தில் அதன் சேலையை நேராகவே வரைந்துவிட்டார். ஐந்நூறு தாள் அச்சாகிக் கொடியில் தொங்குகிறது. முதலாளி றவூப்பின் மகள் நஸீறா, கத்தரித்த சேலையைக் காகிதப் பொம்மைக்கு உடுத்திப் பார்க்கிறாள். பொம்மை வலக்கையைத் தூக்கினால் சேலையோடு சேர்ந்த ரவிக்கை இடக்கையைத் தூக்குகிறது.

“என்ன மாஸ்டர், ரெண்டும் சண்டையா?” என்கிறார் முதலாளி. “நாளைக்கு வேற ஆளப் பாக்கவா?”

“இது புது மோஸ்தர், முதலாளி,” என்று முனகுகிறார் சிற்சபேசன். அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

நஸீறா பொம்மையைப் புரட்டி, அதன் வெற்று முதுகில் சேலையை வைத்து, சேலை ஓரத்தில் நீட்டியிருக்கும் தாள் காதுகளைப் பொம்மைமேல் மடிக்கிறாள். அச்சொட்டாகப் பொருந்துகிறது.

“இவ கோவிச்சிக்கிட்டு அங்கால பாக்கிறா, வாப்பா.”

முதலாளி பொம்மையின் வெள்ளைப் பிடரியை நெடுநேரம் பார்க்கிறார். தாடிக்குள் சிரிப்பு அசைகிறது.

“அப்ப தாளுக்கு மேல ‘கோவக்காரப் பொம்மை’ எண்டு ஒரு வரி அடிப்பம், மாஸ்டர். எழுத்தையாவது மாத்தி வரைங்க.”