அம்மாவின் இடது கால்

செலின் கால்பந்து ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற மாதமே, வாதத்தில் விழுந்த அம்மாவின் இடது காலில் மகளின் இடது கால் பழகிய அசைவுகளை ஆஸ்பத்திரியில் அப்படியே பதிவெடுத்துப் பதித்துவிட்டார்கள். நாட்டுக்காக வருடக்கணக்கில் கோல் போட்ட கால் செலினுடையது. டாக்டர் சம்மதம் கேட்டதும் செலின் யோசிக்கவே இல்லை.

அம்மா ஒரு மேட்ச் விடாமல் வந்தவள். ஆனால் மகள் பந்தோடு கோலை நோக்கி ஓடினாலே, எவளாவது காலை உடைத்துவிடுவாளோ என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு மாதாவை வேண்டுவாள். ஒரு கோலைக்கூட அவள் பார்த்ததில்லை.

ஒருநாள் சாயங்காலம் வியாசர்பாடித் தெருவில் செலினின் தோளைப் பிடித்தபடி அம்மா நடந்து பழகினாள். அங்கே ஆடிக்கொண்டிருந்த சிறுமிகளின் பந்து உருண்டு வந்தது. செலின் குனிவதற்குள் அம்மாவின் இடது கால் அதை நிறுத்தி, லேசாகத் தட்டி, ஓங்கி உதைத்தது. இரண்டு செங்கல்லுக்கு நடுவே பந்து பாய்ந்தது. சிறுமிகள் "கோல்!" என்று குதித்தார்கள்.

"வலிக்குதாம்மா?" என்று பதறினாள் செலின்.

அம்மாவின் கண்கள் அகலத் திறந்திருந்தன. "இம்மாம் சந்தோஷமாடி இது? மவராசியா இரு கண்ணு. என்னைக் கெட்டியா புடிச்சுக்கோ." பிறகு சிறுமிகளைப் பார்த்துக் கத்தினாள்: "ஏய் பொண்ணுங்களா, இன்னொரு தபா இப்பிடி தள்ளுங்க!"

பந்து வந்தது. இந்த முறை கண்ணை இறுக மூடிக்கொண்டு மாதாவை வேண்டியது செலின்தான்.