சனிக்கிழமைகளில் அம்மா

குளிர்காலம் தொடங்கியதிலிருந்தே சிக்னேவுக்குத் தன் அம்மா மேல் சந்தேகம்.

"சனிக்கிழமையானா போனை எடுக்க மாட்டேங்கறே. எங்கதாம்மா போறே?"

"தோட்டத்துல வேலைடி," என்றாள் அம்மா போடில்.

"பனி மூடின தோட்டத்துல என்ன வேலை? யாரும்மா அந்த ஆள்?"

"வாயைக் கழுவு!" அம்மாவின் முகம் சிவந்தது.

போன வருடம் வரை மகளைப் பாராசூட்டில் குதிக்காதே என்று அழுது சண்டை போட்டவள், இப்போது அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆள் கிடைத்ததும் மகள் வேண்டாதவளாகிவிட்டாளா?

குளிர்காலம் முழுக்க மூடியிருந்த பாராசூட் கிளப் ஏப்ரலில் திறந்தது. பாராசூட்டைக் கட்டிக்கொண்டு சிக்னே விமானத்தில் ஏறினாள்.

"புது பைலட். சம்பளமே வேண்டாம்னு வந்திருக்காங்க. குளிர்காலம் பூரா இதுக்குன்னே பயிற்சி எடுத்தாங்களாம்," என்றார் கிளப் தலைவர் ராஸ்முஸ்.

பைலட் திரும்பினாள். அம்மா!

"தபால் விமானம் ஓட்டி ரிட்டயர் ஆனவளுக்கு இங்கே என்னம்மா வேலை?"

"அழுதா மட்டும் நீ நிறுத்தப் போறியா? வீட்டுல உட்கார்ந்து நடுங்கறதுக்கு, நானே ஓட்டினா, காத்து சரியில்லேன்னு உன்னைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடலாம் இல்லே?"

சிக்னே அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"இன்னிக்குக் காத்து எப்படிம்மா?"

"பிரமாதமா இருக்கு," என்றாள் போடில். "அதான்டி வயித்தைக் கலக்குது."