அரிகிருஷ்ணன் வண்டி கட்டுகிறார்

வெளியே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. தையல்நாயகி ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள், உதைத்தாள், தோளால் இடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கட்டின புருஷனே உள்ளே தள்ளி அடைத்துவிட்டாரே, இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல!

"ஏங்க, கதவத் தொறங்க! நான் போவணும்!"

"ஓடெல்லாம் பறக்குது. உள்ளயே கெட," என்றார் அரிகிருஷ்ணன் வெளியிலிருந்து. "புயல் முத்தறதுக்குள்ள நான் வண்டி கட்டணும்."

வண்டி! இந்த நேரத்திலும் மனுஷனுக்கு வண்டிதான்!

சற்று முன்புதான் மருமகனின் கூட்டாளி கோவிந்தராசு சைக்கிளில் தொப்பலாக நனைந்து வந்து சொல்லிவிட்டுப் போனான். ரெட்டியார்பாளையத்தில் மகள் வேம்புக்குக் காலையிலிருந்து வலி. பிள்ளை குறுக்கே திரும்பிக் கிடக்கிறது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் ரெண்டு உயிருக்கும் ஆபத்து என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாளாம். பஸ் நின்றுவிட்டது. எந்த டாக்சிக்காரனும் வர மாட்டேன் என்கிறான்.

அரிகிருஷ்ணனும் டாக்சிக்காரர்தான். பகலில் பெரிய மார்க்கெட் பக்கம் சவாரிக்கு நிற்கிற அம்பாசிடர் அவருடையது. ஆனால் அந்த வீட்டுக்கு அவர் எப்படிப் போவார்? தன்னைக் கேட்காமல் கல்யாணம் பண்ணிக்கொண்டாள் என்று, "செத்தாலும் ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டு வந்தவராயிற்றே!

கோவிந்தராசு சொன்னதையெல்லாம் கல்லு மாதிரி நின்று கேட்டார். தையல்நாயகி குடையைத் தூக்கிக்கொண்டு நடந்தே கிளம்பினாள். கையைப் பிடித்து உள்ளே தள்ளித் தாழ் போட்டுவிட்டார்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். முத்தியால்பேட்டைத் தெருவில் ஒரு ஈ காக்கை கிடையாது. அந்தப் பேய்மழையில் மனுஷன் காரைச் சீராட்டிக்கொண்டிருந்தார். மணல் மூட்டைகளைத் தூக்கி வந்து டிக்கியில் அடுக்கினார். வைத்திக்குப்பத்தில் வாங்கிய படகுக் கயிற்றால் முன்பக்க மூடியைச் சுற்றி இறுக்கினார்.

"பெத்த பொண்ணு அங்க துடிக்கிறா, நீ காருக்கு மூட்ட அடுக்கிறியா? கார் இன்னா பறந்தா பூடும்?"

"பறக்கும்," என்றார் திரும்பிப் பார்க்காமலே. "காத்து அப்டி அடிக்குது."

மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன். அம்பாசிடர் வாங்கியும் வாய் மாறவில்லை. பெட்ரோல் போடுவதைத் 'தண்ணி காட்டறது' என்பார், ராத்திரி ஷெட்டில் விடுவதை 'அவுத்து உடறது' என்பார். மார்க்கெட்டே கேட்டுச் சிரிக்கும். மாட்டுமேல் வைத்த பாசத்தையும் அப்படியே காருக்குக் கொடுத்துவிட்டார், மகளுக்குத்தான் ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்தபோது தையல்நாயகிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கொல்லைக் கதவுக்கு ஓடினாள். ஒடிந்து விழுந்த முருங்கை குறுக்கே கிடந்து அதையும் அடைத்திருந்தது. தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. மறுபடி ஜன்னலுக்கே வந்தாள்.

இப்போது அவர் பின்பக்கம் குனிந்திருந்தார். ஒரு நீள ரப்பர் குழாயைப் புகை போகிற குழாயில் சொருகி, நுனியை மேலே தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாதாம்!

"அட பாவி மனுஷா! பொகக் கொழாயிக்குப் பாக்குற பார்வ எம்பொண்ணுக்கு இல்லியா? அவளுக்கு எதுனா ஒண்ணு ஆச்சி, அப்பறம் இந்த வூட்ல நான் இருக்க மாட்டேன், தெரிஞ்சிக்கோ!"

அவர் என்னமோ சொன்னார். காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

அதற்குமேல் கத்த அவளுக்குத் தெம்பில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தலைப்பிரசவம். அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாளே! இங்கே அம்மாக்காரி எலிப்பொறியில் மாட்டின மாதிரி கிடக்கிறாள். மாரியாத்தா, எங்குழந்தையைக் காப்பாத்து, வேற ஒண்ணும் வேணாம் எனக்கு என்று வாய்விட்டே வேண்டினாள். தலைக்குமேல் ஓடுகள் தடதடவென்று ஆடின.

தாழ்ப்பாள் விலகியது. அரிகிருஷ்ணன் நிலைப்படியில் நின்றார். உடம்பெல்லாம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று எழுந்தவளை அவர் முந்திக்கொண்டார்.

"பக்கத்து வூட்டு மெத்தய வாங்கிப் பின்சீட்டுல போட்டிருக்கேன், வேம்புவ நீ மடியில சாச்சிக்க, வா!"